எரிக்கப்பட்ட புத்தகமும் பள்ளிக்குச் சென்ற இயந்திரச் சிறுவனும்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இப்பதிவு வழக்கத்தைவிடச் சற்று நீளமானது. ஒரே மூச்சில் படிக்க இயலாதவர்கள் இரண்டு தவணையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. பிள்ளை தமிழ்க் கதைப்புத்தகத்தைத் தொடுவதில்லை. ஜப்பானியச் சித்திரக்கதை என்றால் மட்டும் உணவையும் மறந்து உட்கார்ந்துவிடுகிறான் என்பதே அது. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். பறிமுதல் செய்ய வேண்டும் என்பார் ஒருவர். எதையாவது படிக்கிறானே, விட்டுவிடுங்கள் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இருவருமே அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வழக்கு நமக்குத்தான் புதிது. அச்சித்திரக்கதைகள் பிறந்த நாட்டிலேயே ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனை ஒருமுறை காரசாரமாக விசாரித்துத் தீர்ப்பும் எழுதியிருக்கிறார்கள். அது 1955ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவற்றுள் ஒன்று, இன்று ஜப்பான் தன் பெருமைகளுள் ஒன்றாகக் கொண்டாடும் ஓர் இயந்திரச் சிறுவனின் கதை. அச்சிறுவனின் வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன்.

ஜப்பானிய மொழியில் அக்கதையின் பெயர் ‘தெத்சுவான் அத்தோமு’. ‘தெத்சுவான்’ என்றால் இரும்புக்கை. ‘அத்தோமு’ என்பது அணு. இரும்புக்கை என்றதும் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு மாயாவி நினைவுக்கு வரக்கூடும். அவர் பிரிட்டனில் பிறந்து தமிழுக்கு வந்தவர்; இவனுக்கும் அவருக்கும் உறவில்லை. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இவன் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியப்படுகிறான். ‘ஆட்டம்’ என்று எழுதினால் நம் மொழியில் விளையாட்டாகிவிடும் என்பதால், ஜப்பானியர் உச்சரிப்பை ஒட்டி அத்தோமு என்றே குறிப்பிடுகிறேன்.

இவனைப் படைத்தவர் தெசூகா ஒசாமு. 1928 நவம்பர் 3ஆம் நாள் ஒசாகாவை அடுத்த தொயோனாக்காவில் பிறந்து, தக்காராசுக்கா நகரில் வளர்ந்தவர். வீட்டில் தந்தையார் வைத்திருந்த சிறிய திரைப்படக் கருவியில் மேலைநாட்டுக் கார்ட்டூன் படங்களைப் பார்த்துப் பழகியவர். பூச்சிகளைச் சேகரிப்பதில் தீராத பித்து. தம் பெயரின் இறுதியில் ‘பூச்சி’ என்று பொருள்படும் எழுத்தைத் தாமே சேர்த்துக்கொண்டு அதனையே புனைபெயராக்கிக்கொண்டார். பின்னாளில் தொடங்கிய படநிறுவனத்துக்கும் ‘முஷி’, அதாவது பூச்சி என்றே பெயரிட்டார்.

தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் அவர் ஒரு நீண்ட சித்திரக்கதையை வரைந்தார். அது மாணவர்களிடையே மட்டுமன்றி ஆசிரியர்களிடையேயும் பேசப்பட்டது. அதன் பிறகு அவர் படம் வரைவதைப் பற்றி ஆசிரியர்கள் ஒன்றும் சொல்வதில்லை. தொடக்கப்பள்ளியில் பணியாற்றும் எனக்கு இச்செய்தியை எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1940ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. நாடே படைமுகாமாக மாறிக்கொண்டிருந்த வேளையில், ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் ஒரு மாணவனின் கையேட்டைக் கிழித்தெறியாமல் விட்டிருக்கிறார்கள்.

ஜப்பானியர் காலம் என்றால் நம் பாட்டன் பாட்டியருக்கு மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண இரயில்பாதையும்தான் நினைவு. அப்போர் தன் இறுதிக் கட்டத்தில் ஜப்பானிய மக்களின் தலைமீதே வந்து விழுந்தது. 1945 ஜூன் மாதத்தில் ஒசாகாவின்மீது குண்டுமழை பொழிந்தபோது, தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த பதினாறு வயது தெசூகா கண்காணிப்புக் கோபுரத்தின்மேல் நின்றிருந்தார். உயிர்தப்பி இறங்கியவர் யோதோ ஆற்றங்கரையில் கண்ட பிணங்களை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. போர் முடிந்து அமெரிக்கப் படையினர் நாட்டை ஆண்ட நாள்களில் இன்னொன்று நடந்தது. தெருவில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஏதோ கேட்க, இவருக்கு மொழி விளங்கவில்லை, அடி விழுந்தது. ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத இரு இனத்தார் மோதும் கதைகளைத் தாம் மீண்டும் மீண்டும் எழுதியதற்கு வேர் அந்த அடியில் இருக்கிறது என்று அவரே கூறியிருக்கிறார்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவம் பயின்றார். மருத்துவர் உரிமமும் பெற்றார். 1961இல் நத்தையின் உயிரணு குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டமும் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழில் செய்யவில்லை. மாணவராக இருக்கும்போதே 1946இல் சிறுவர் நாளிதழில் படக்கதை வரையத் தொடங்கி, 1947இல் ‘புதிய புதையல் தீவு’ என்ற நூலால் பெயர் பெற்றுவிட்டார். அக்காலத்தில் ஒசாகாவில் மட்டமான தாளில், பளீரென்ற சிவப்பு அட்டையோடு மலிவுப் புத்தகங்கள் அச்சாகி மிட்டாய்க் கடைகளில் விற்கப்பட்டன. போரில் எல்லாம் எரிந்துபோன நாட்டில் சிறுவர் வாங்கக்கூடிய புத்தகம் அதுதான். தெசூகா எழுந்தது அந்தக் கடைத்தெருவிலிருந்து என்பதை நினைவில் வையுங்கள். 1955ஆம் ஆண்டுக் கோபத்தைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

அத்தோமு முதலில் கதாநாயகன் அல்லன். 1951 ஏப்ரலில் ‘ஷோனென்’ என்னும் சிறுவர் மாத இதழில் ‘தூதர் அத்தோமு’ என்ற தொடர் வந்தது. பூமியிலுள்ள மக்களை அச்சுக்கு அச்சாக ஒத்த இன்னொரு கூட்டம் விண்வெளியிலிருந்து வந்து இறங்குகிறது. உணவு போதவில்லை, பகை மூள்கிறது. இரு தரப்பையும் சேராத ஓர் இயந்திரச் சிறுவன் தூது போய்ச் சமாதானம் செய்கிறான். துணைப்பாத்திரமாக வந்த அச்சிறுவனையே நாயகனாக்கி, மனிதரைப்போல் சிரிக்கவும் அழவும் செய்தால் என்ன என்று இதழாசிரியர் தரப்பில் கேட்டனர். 1952 ஏப்ரலில் ‘தெத்சுவான் அத்தோமு’ தொடங்கியது. அதே மாதம் 28ஆம் நாள்தான் அமெரிக்க ஆட்சி முடிந்து ஜப்பான் மீண்டும் தன்னாட்சி பெற்றது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஏழாண்டுகூட நிறைவடையாத நிலையில், ஒரு குழந்தைக்கு அணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் தங்கையின் பெயர் ஊரான், யுரேனியத்திலிருந்து வந்தது. தம்பியின் பெயர் கோபால்ட். அணுவாற்றல் ஒருநாள் மனிதனுக்குச் சோறு போடும் என்று உலகமே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையும் அச்சமும் ஒரே பெயருக்குள் அடைந்துகிடக்கின்றன.

கதைக்கு வருவோம். அறிவியல் அமைச்சின் தலைவர் டாக்டர் தென்மாவின் ஒரே மகன் தொபியோ வாகன விபத்தில் இறந்துபோகிறான். துயரத்தால் அறிவு பேதலித்த தந்தை, அமைச்சின் ஆற்றல் அனைத்தையும் திரட்டி, மகனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். சில காலம் எல்லாம் இன்பமாகவே செல்கிறது. பிறகுதான் ஒரு குறை அவர் கண்ணில் படுகிறது. பையன் வளரவில்லை! சுவரில் உயரம் அளந்து கோடு போடும் எந்தப் பெற்றோருக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும். வளராத பிள்ளையை அவர் வெறுக்கத் தொடங்குகிறார். இறுதியில் வித்தைக் கூடாரத்துக்கு விற்றுவிடுகிறார். அங்கே இயந்திர மனிதர்களை மோதவிட்டுக் காசு வாங்குகிறார்கள். பெரிய மூக்குடைய பேராசிரியர் ஒச்சானோமிசு அவனைக் கண்டெடுத்துக் காக்கிறார். அவனுக்கென இயந்திரத் தாய் தந்தையரையும் செய்து கொடுத்து, பள்ளிக்கும் அனுப்புகிறார்.

ஆம், பள்ளிக்கு! நூறாயிரம் குதிரைத்திறன், பாதங்களில் ஜெட் விசை, அறுபது மொழிகள், மனிதனைவிட ஆயிரம் மடங்கு செவித்திறன், ஒளிவிளக்காகும் கண்கள், நல்லவர் தீயவரைப் பிரித்தறியும் ஆற்றல், (ஆசிரியர்கள் முகம் சுளிக்க வேண்டா) பின்புறத்தில் இயந்திரத் துப்பாக்கி. இத்தனையும் உடைய ஒருவன் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தொடக்கப்பள்ளி வகுப்பில் வந்து அமர்கிறான். வகுப்பாசிரியர் வழுக்கைத் தலையும் அடர்ந்த மீசையும் உடைய பெரியவர். சக மாணவர்களில் சிலர் அவனைத் தோழனாக ஏற்கின்றனர். சிலர் இயந்திரம் என்று இழிவுபடுத்துகின்றனர். உலகைக் காப்பாற்றிவிட்டு வந்தவன் வகுப்பில் ஒதுக்கப்பட்டு நிற்கும் காட்சிகளே அக்கதையின் உயிர் என்பேன். பறப்பதும் அடிப்பதும் பிள்ளைகளை உள்ளே இழுப்பதற்கு. உள்ளே இருப்பது வேறு.

அவ்வுலகில் இயந்திர மனிதர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. மனிதரைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடாது என்பது எதிர்பார்க்கத்தக்கதே. இயந்திரம் எதையும் செய்யலாம், பணத்தைத் தவிர என்பது நகைச்சுவை. என்னை நிறுத்தியது வேறொரு விதி: இயந்திர மனிதன் தன்னைச் செய்தவரைத் தந்தை என்று அழைக்க வேண்டும். விற்றுவிட்டுப் போன தென்மாவையும் அத்தோமு தந்தை என்றே அழைத்தாக வேண்டும். பிள்ளையின் கடமைகளை எழுதிய சட்டம், தந்தையின் கடமை பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தெசூகா இதனை உரக்கச் சொல்வதில்லை. கதையில் வைத்துவிட்டுப் போகிறார்.

இக்கதையைத்தான் 1955இல் நெருப்பிலிடத் துணிந்தார்கள். ‘தீய நூல் ஒழிப்பு இயக்கம்’ என்று அதற்குப் பெயர். தாய்மார் சங்கங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், நாளிதழ்கள் எல்லாம் சேர்ந்து எழுப்பிய அலை அது. ஆபாச இதழ்களையும் சிறுவர் சித்திரக்கதைகளையும் ஒரே தராசில் ஏற்றினார்கள். சில இடங்களில் பள்ளித் திடலிலேயே புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். புகழின் உச்சியிலிருந்த தெசூகாவை நேரில் அழைத்துக் கண்டித்தவர்களும் உண்டு. அதிவேக இரயில், நெடுஞ்சாலை, இயந்திர மனிதன் என்று நடக்கவே நடக்காத பொய்களை வரைந்து பிள்ளைகளைக் கெடுக்கிறீர் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அதிவேக இரயில் 1964 அக்டோபர் 1ஆம் நாள் தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்டுவிட்டது. அது வேறு கதை.

இவ்வெறி ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பிரெடெரிக் வெர்த்தம் என்னும் மனநோய் மருத்துவர், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணம் என்று வாதிட்டு 1954இல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் அங்குள்ள பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். அவருடைய சான்றுகளில் பல திரிக்கப்பட்டவை என்பதைப் பிற்கால ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளைக்கொண்டே காட்டினர்.

ஜப்பானியத் தாய்மார்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சிவப்பு அட்டைப் புத்தகங்களில் குப்பை மலிந்திருந்தது உண்மை. பசியும் போரும் கண்ட பெண்கள், தம் பிள்ளைகளாவது நல்லதைப் படிக்கட்டும் என்று விரும்பியதில் குற்றமில்லை. என் வருத்தமெல்லாம் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே. 1953இல் வந்த ‘சிவப்புப் பூனை’ என்னும் அத்தோமு கதையை அவர்களில் ஒருவர் படித்திருந்தால் போதும். தோக்கியோவை ஒட்டிய முசாஷினோக் காடு கட்டடங்களுக்காக அழிக்கப்படுகிறது. அதைப் பொறுக்காத ஓர் அறிவியலாளர் விலங்குகளை நகரத்தின்மீது ஏவிவிடுகிறார். தவறான வழியில் செல்லும் அம்மனிதரின் துயரம் நியாயமானது என்பதைச் சிறுவர்களுக்கு விளங்கும்படி வரைந்திருக்கிறார் தெசூகா. சுற்றுச்சூழல் கல்வி என்ற தொடரே பள்ளிகளில் புழங்காத காலம் அது. அந்தப் பக்கமும் தீயில் கிடந்திருக்கும்.

போருக்குப் பிந்திய சித்திரக்கதை வரலாற்றைத் தெசூகா ஆறு காலங்களாகப் பிரித்தார். முதலாவது பொம்மைக் காலம். அடுத்தது துடைத்தெறியும் காலம். மூன்றாவது தின்பண்டக் காலம். பாடம் கெடாத அளவுக்குக் கொஞ்சம் தின்னலாம் என்று பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அனுமதித்த காலத்தைத் தின்பண்டம் என்றார். நான்காவது முதன்மை உணவுக் காலம். அதன் பின் காற்றுக் காலம், குறியீட்டுக் காலம். தின்பண்டம் சோறாக மாறிய ஆண்டு என்று அவர் குறித்தது 1963. அவ்வாண்டில்தான் அத்தோமு தொலைக்காட்சிக்குள் நுழைந்தான்.

இந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுத வேண்டும். இன்று நம் பிள்ளைகள் பார்க்கும் அனிமே அனைத்தின் தோற்றமும், அதன் பழுதும் இங்கேதான் இருக்கின்றன.

முஷி நிறுவனம் 1963 ஜனவரி 1ஆம் நாள் மாலை 6.15 மணிக்கு ஃபுஜி தொலைக்காட்சியில் ‘தெத்சுவான் அத்தோமு’வின் முதல் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. வாரம் ஒன்று, அரைமணி நேரம். ஜப்பானில் அதற்குமுன் அத்தகைய அசைவூட்டத் தொடர் இல்லை. செய்ய முடியாது என்பதே துறையினர் கருத்து. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு படத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். 25 நிமிடக் கதைக்கு எத்தனை? ஆண்டு 5 மாணவருக்குக் கணக்காகவே கொடுக்கலாம்: 18,000. கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, ஒளிப்படம் எடுத்து, ஒரு வாரத்தில் முடிப்பது ஆகாத காரியம்.

தெசூகாவும் தோழர்களும் கையாண்ட வழி சிக்கனம். நொடிக்கு எட்டுப் படங்கள் போதும் என்றனர். பேசும்போது வாய் மட்டும் அசையட்டும் என்றனர். ஓடும் கால்களை ஒருமுறை வரைந்துவிட்டுப் பின்னணியை நகர்த்தினர். வியப்பு, சினம் போன்ற இடங்களில் அசையாப் படத்தையே நிறுத்தி, இசையையும் ஒலியையும் ஏற்றினர். அத்தோமு பறக்கும் காட்சியைப் பத்திரப்படுத்தி வைத்து, வாரந்தோறும் எடுத்துப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 2,000 படங்களில் ஓர் அத்தியாயம் அடங்கிவிட்டது. ஏழையின் வீட்டில் ஒரு தேங்காயைத் துருவி, பால் பிழிந்து, சக்கையையும் துவையலாக்கும் சாமர்த்தியம் போன்றது இது. அசைவு குறைந்ததால் கதை முன்னே வந்தது. முகபாவமும் காட்சிக் கோணமும் முக்கியமாயின. ஜப்பானிய அசைவூட்டத்திற்கே உரிய அழகு இந்த வறுமையில் பிறந்ததாகும்.

வறுமைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓர் அத்தியாயத்துக்குத் தெசூகா ஒப்புக்கொண்ட விலை 5,50,000 யென் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நிறுவனத்தின் கைக்கு வந்தது அதைவிடக் கூடுதல் என்பார் சில ஆய்வாளர். எத்தொகையாயினும் செலவுக்குப் போதவில்லை என்பதில் ஐயமில்லை. பற்றாக்குறையைச் சித்திரக்கதையில் ஈட்டிய தம் சொந்தப் பணத்தாலும், அத்தோமுவின் உருவத்தை விற்ற உரிமைத் தொகையாலும் அவர் ஈடுகட்டினார். நிகழ்ச்சியை வழங்கிய மேய்ஜி நிறுவனம் தன் மார்பிள் சாக்லெட்டோடு அத்தோமு ஒட்டுப்படங்களை வழங்கியது. பிள்ளைகள் பைத்தியமாய் ஓடினர். கதாபாத்திரத்தை அட்டைப்பெட்டியில் ஒட்டி மிட்டாய் விற்கும் வணிகம் அங்கே வலுவாக வேரூன்றியது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாம் காணும் பொட்டலங்களுக்கும் அந்த ஒட்டுப்படங்களுக்கும் நேரான உறவு உண்டு. 1955இல் நெருப்பு மூட்டிய பெற்றோர், 1963இல் இதைக் கேள்வி கேட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் அதற்குள் குடும்பமே பெட்டியின் முன் அமர்ந்துவிட்டது. 1964 ஜனவரி 25ஆம் நாள் ஒளியேறிய அத்தியாயம் 40.3 விழுக்காட்டுப் பார்வையாளரைப் பெற்றது. அமெரிக்காவின் என்பிசி நிறுவனமும் உரிமை வாங்கி, 1963லேயே அங்கு ஒளிபரப்பச் செய்தது.

அந்த வெற்றியைக் கண்டு மற்ற நிறுவனங்களும் இறங்கின. அதே 1963இன் இறுதிக்குள் ‘தெத்சுஜின் 28’, ‘எட்டாம் மனிதன்’, ‘ஓநாய்ச் சிறுவன் கென்’ ஆகிய தொடர்கள் வந்துவிட்டன. குறைந்த விலைக்குச் செய்யலாம் என்று ஒருவர் காட்டிவிட்டால், பிறகு யார் கூட்டிக் கொடுப்பார்? வரைகலைஞர்களின் குறைந்த கூலியும் உறக்கமற்ற இரவுகளும் அத்துறையின் இயல்பாகிவிட்டன. 1989இல் தெசூகா மறைந்தபோது, எல்லாரும் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இயக்குநர் மியாசாகி ஹயாவோ இதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இறந்தவரைப் பற்றி அப்படி எழுதியது முறையா என்று கேட்டவர்கள் உண்டு. சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் முழுப் பழியையும் ஒருவர்மீது ஏற்றுவதும் சரியன்று. 1963க்குப் பிறகு வந்த நிறுவனங்கள் விலையை உயர்த்தாமல் இருந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? முஷி நிறுவனமே 1973இல் நொடித்துப்போயிற்று. எனினும் அங்கே தொழில் பழகியவர்கள் வீண்போகவில்லை. 1964இல் வேலைக்குச் சேர்ந்து அத்தோமு அத்தியாயங்களை இயக்கிய தொமினோ யொஷியுகிதான், 1979இல் ‘கண்டாம்’ தொடரைப் படைத்தவர்.

தொலைக்காட்சி அத்தோமு வெளுத்துப்போனான் என்று தெசூகாவுக்கே மனக்குறை இருந்தது. நீதியின் காவலன், அறிவியலின் சின்னம் என்று எங்கும் முழக்கம். அறிவியல் மனிதத்தன்மையை விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று காட்டவே எழுதினேன். ஒளிமயமான எதிர்காலத்தின் விளம்பரமாக எடுத்துக்கொண்டார்கள் என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இதழில் வந்த கதையில் அந்தக் கசப்பு தெளிவாகவே தெரியும். 1964இல் தொடங்கிய ‘உலகின் தலைசிறந்த இயந்திர மனிதன்’ என்னும் பகுதியில், ஒரு சுல்தானின் ஆணைப்படி புளூட்டோ என்னும் பேருருவம் உலகின் ஏழு வலிய இயந்திரங்களை ஒவ்வொன்றாக அழிக்கிறது. அத்தோமுவின் ஆற்றல் பத்து மடங்காக, பத்து இலட்சம் குதிரைத்திறனாக உயர்த்தப்படுகிறது. ஆனால் கதை வெற்றியை நோக்கிச் செல்வதில்லை. ஆணைக்குக் கட்டுப்பட்ட புளூட்டோவின் நெஞ்சில் ஈரம் சுரக்கத் தொடங்குகிறது. சண்டையிட்டவர்கள் எவருக்கும் பகை இல்லை, பகை எல்லாம் செய்வித்தவர்களிடம் இருக்கிறது. 1967 முதல் 1969 வரை நாளிதழில் எழுதிய தொடரில், காலத்தில் பின்னோக்கித் தள்ளப்பட்ட அத்தோமு வியட்நாமிய கிராமத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சை எதிர்த்து நிற்கிறான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வரையப்பட்டது அது.

ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் 193 அத்தியாயங்களுடன் 1966 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. கதிரவனின் கட்டுக்கடங்காச் சீற்றத்தைத் தணிக்கும் கருவியைச் சுமந்துகொண்டு அத்தோமு நேரே கதிரவனுக்குள் பாய்ந்துவிடுகிறான். ஆண்டின் கடைசி மாலையில் குழந்தைகளுக்கு அப்படியொரு முடிவு! ‘ஷோனென்’ இதழும் அதிலிருந்த தொடரும் 1968இல் நின்றன.

பின்னர் 1980இல் வண்ணத்தில் ஒரு தொடரும், 2003இல் இன்னொன்றும் வந்தன. 2003க்கு ஒரு காரணம் உண்டு. மூலக்கதைப்படி அத்தோமு பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்நாளில் சைத்தாமா மாநிலத்தின் நீசா நகரம் அவனைத் தன் குடிமகனாகவே பதிவு செய்து சிறப்பித்தது. ஹோண்டா நிறுவனம் 1986இல் தொடங்கி உருவாக்கிய நடக்கும் இயந்திர மனிதர்களின் பின்னணியிலும் அத்தோமுவைப் போன்ற ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கனவு இருந்ததாகக் கூறுவர். பள்ளித் திடலில் எரிக்கப்பட்டவனுக்கு நகராட்சிப் பதிவேட்டில் இடம் கிடைக்க 48 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதே 2003இல் உராசாவா நாவோகி என்பவர் ‘புளூட்டோ’ என்ற தலைப்பில் அந்த ஏழு இயந்திரங்களின் கதையைப் பெரியவர்களுக்காக மீண்டும் வரையத் தொடங்கி 2009இல் முடித்தார். அவர் 1960இல் பிறந்தவர். அத்தோமுவைச் சோறாக உண்டு வளர்ந்த தலைமுறை. அது 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அசைவூட்டத் தொடராகவும் வெளிவந்தது. மிகச் சிறந்த ஆக்கம். ஆயினும் கொலைகளும் போர்க்குற்றங்களும் நிறைந்த கதை. தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஏற்றதன்று. இடைநிலைப்பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து பார்க்கலாம். சிறியவர்களுக்கு 1963ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை முதல் அத்தியாயமே பொருத்தம். படம் சற்று விட்டுவிட்டு அசைவதைக் கண்டு பிள்ளைகள் சிரித்தால், மேலே சொன்ன கணக்கைக் கொடுங்கள். தொபியோ விபத்தில் இறக்கும் காட்சியும், தந்தை மகனை விற்கும் காட்சியும் அதில் வருகின்றன. அண்மையில் வீட்டில் இழப்பைக் கண்ட பிள்ளை வகுப்பில் இருந்தால் அதை முன்கூட்டியே கருத்தில் கொள்ளவும்.